எதிர்க்கரையின் கால்

வர்க்கிச்சனுக்கு வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. ஊரில் வேறு யாருக்கு இப்படி ஆகியிருந்தாலும் நாலு பேரிடம் சொல்லி, நாற்பது வைத்தியம் கேட்டு, அந்தச் சாக்கில் ஒரு வாரம் சுகமாகப் படுத்திருப்பார்கள். வர்க்கிச்சன் வாயைத் திறக்க முடியுமா? நெடுஞ்சிறை ஊரின் பந்தயப் படகான சுண்டனில் அவன் ஒன்றாம் துடுப்பு. தொண்ணூறு பேர் துழாவும் படகில் எல்லாருக்கும் முன்னால் உட்காருகிறவன். அவன் துடுப்பு தண்ணீரில் விழுந்தால்தான் மற்றதெல்லாம் விழும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பலகை அவனுடையது. விஷயம் வெளியே கசிந்தால் அன்று சாயங்காலமே கேப்டன் குறுப்பு அங்கே ஜோப்பனை உட்கார வைத்துவிடுவார். ஜோப்பனுக்கு முப்பது வயது, கதவு மாதிரி முதுகு. ஏழு வருஷமாக வர்க்கிச்சனின் பிடரியைப் பார்த்தே துழாவிக்கொண்டிருக்கிறான், பாவம்.

மறைப்பது லேசான காரியமா? தலைவழியே போடும் பனியன்களெல்லாம் பெட்டிக்குள் போயின. முதுகு அரித்தால் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சிலுவை போட்டுக்கொள்ளக் கை நெற்றிக்குப் போகாததால் நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தான். இந்த வருஷம் வர்க்கிச்சனுக்குப் பக்தி முற்றிவிட்டது, எப்படிக் குனிகிறான் பாருங்கள் என்று பாதிரியாரே மெச்சிக்கொண்டார்.

பாதிரியாரை ஏமாற்றலாம், பெண்டாட்டியை ஏமாற்ற முடியுமா? ரோசாக்குட்டி ஒருநாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இச்சாயா, பரண்ல குடம்புளிப் பானை இருக்கு, எடுத்துக் கொடுங்க."

"நீயே எடு."

"எனக்கு எட்டாது."

"அப்ப புளி இல்லாம வை."

குடம்புளி போடாத மீன்கறியை இருபது வருஷத்தில் ஒருமுறைகூடத் தொடாத மனுஷன். ரோசாக்குட்டி அகப்பையோடு வெளியே வந்தாள்.

"கையைத் தூக்குங்க பாப்போம்."

"எந்தக் கையை?"

"ரெண்டையும்."

இடது கை கூரையைப் பார்த்துப் போயிற்று. வலது கை மார்பு வரை வந்து, அதற்கு மேல் வழி தெரியாது என்று நின்றுவிட்டது. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"இடவ மாசத்துல மழை தொடங்கினப்போ சின்ன வள்ளத்தைத் தனியா கரையேத்தினேன்ல, அப்பப் பிடிச்சுது. ரெண்டு மாசம். அசைக்காம வச்சிருந்தா சரியாயிடும்னு பார்த்தேன். அசைக்கவே முடியாம ஆயிடுச்சு."

"ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு முனகினது இதுதானா! நான் ஏதோ கடன் விஷயம்னு நெனச்சேன். நாளைக்கே சேட்டாயிகிட்ட கிளம்புங்க."

"செத்தாலும் போக மாட்டேன்."

இதில் விஷயம் இருக்கிறது. ரோசாக்குட்டி பிறந்தது ஆற்றுக்கு அந்தப்பக்கம், பள்ளித்துருத்தில். அவள் சேட்டாயி, அதாவது அண்ணன், ஔதக்குட்டி களரி ஆசான். எண்ணெய் போட்டுக் கையாலும் காலாலும் உருவி, பிடித்துக்கொண்ட முதுகையும் முட்டியையும் விடுவிப்பதில் அவனுக்கு மிஞ்சி அந்தக் காயல் பக்கத்தில் ஆள் கிடையாது. அதெல்லாம் சரி. ஆனால் பள்ளித்துருத்துச் சுண்டன்தான் போன வருஷம் நெடுஞ்சிறையை அரைப் படகு நீளத்தில் தோற்கடித்தது. தோற்ற மறுநாள் ஔதக்குட்டி தங்கை வீட்டுக்கு ஒரு தார் ஏத்தன் வாழைப்பழம் கொடுத்தனுப்பினான். "ஒன்றாம் துடுப்புக்கு, கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்று காம்பில் சீட்டு வேறு கட்டியிருந்தான். வர்க்கிச்சன் பழத்தைத் தின்றுவிட்டான். ஆனால் அன்றிலிருந்து ஆற்றைத் தாண்டவில்லை.

"அவன்கிட்ட போய்த் தோளைக் கொடுக்கிறதும் ஒண்ணு, வெட்டிக் கொடுக்கிறதும் ஒண்ணு" என்றான்.

"சரி. அப்ப குறுப்பு சேட்டன்கிட்ட நான் போய்ச் சொல்றேன்."

மறுநாள் காலை வர்க்கிச்சன் ஆற்றைத் தாண்டினான். போட்டிக்கு அன்றோடு இருபத்தைந்து நாள். படகை நீரில் இறக்கப் பதினைந்து நாள் இருந்தது. பெண்டாட்டியின் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று படகுப்புரையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்தச் சித்தப்பா செத்துப் பதினோரு வருஷம்.

ஔதக்குட்டி வாசலில் நின்றுகொண்டு, தங்கை புருஷனான தன் அளியன் தோணியிலிருந்து ஒரு கையால் தட்டுத்தடுமாறி இறங்குவதை ரசித்துப் பார்த்தான்.

"வா அளியா, வா! பழம் தீர்ந்துபோச்சா?"

"உன் தங்கச்சி அனுப்பினா. நானா வரலை."

"அது தெரியும். உட்காரு."

கிண்டல் அத்தோடு நின்றது. தோளைத் தொட்டதும் ஔதக்குட்டியின் முகமே வேறாகிவிட்டது. கையை முன்னால் கொண்டுபோனான், பக்கவாட்டில் கொண்டுபோனான், முதுகுப்பக்கம் திருப்பினான். வர்க்கிச்சன் பல்லைக் கடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டான்.

"எலும்பு சரியாத்தான் இருக்கு. வலிக்குதுன்னு கையை மடியில போட்டுத் தாலாட்டியிருக்க. அது நல்லாத் தூங்கிப்போச்சு. சதையெல்லாம் இறுகிக் கிடக்கு. மெல்ல மெல்லத்தான் எழுப்பணும். பதினாலு நாள் உருவணும், அப்புறம் பதினாலு நாள் நல்லிருப்பு. சம்மதமா?"

வர்க்கிச்சனின் காதில் முதல் பதினாலுதான் விழுந்தது. பதினாலு நாளில் கை வந்துவிடும், பதினைந்தாம் நாள் படகு இறங்கும். கணக்குக் கச்சிதம் என்று தலையாட்டினான். எத்தனை நாள் உருவுகிறார்களோ அத்தனை நாள் அடங்கி இருக்க வேண்டும் என்பது அங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றாம் துடுப்புக்கு இல்லாத சலுகையா என்று ஒரு நினைப்பு.

"குப்புறப் படு" என்றான் ஔதக்குட்டி.

தரையில் பாய். காய்ச்சின எண்ணெய் வெதுவெதுப்பாக முதுகெல்லாம் ஓடியது. உத்தரத்திலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஔதக்குட்டி ஒரு காலைத் தூக்கினபோதுதான் வர்க்கிச்சனுக்கு நடக்கப்போவது உறைத்தது.

"டேய் டேய், காலா? தோள்தானே வலிக்குது, கையால செய்!"

"தோள் தனியாவா தொங்குது? இடுப்புலேர்ந்து பிடிச்சு இழுத்து வச்சிருக்கு. முதல்ல முதுகு இளகட்டும். தோளுக்கு அப்புறம் கை."

"அளியா, வேண்டாம்டா. பள்ளித்துருத்துக் கால் என் முதுகுல ஏறிச்சுன்னு நாளைக்கு ஊர் சிரிக்கும்டா."

"பேசாதே, மூச்சை விடு. இது பள்ளித்துருத்து" என்று குதிகாலை இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பாக இழுத்தான் ஔதக்குட்டி. "இது நீ போன ஓணத்துக்கு என்னைத் தவளைன்னு சொன்னதுக்கு. இது பழத்துக்கு நன்றி சொல்லாம விட்டதுக்கு."

அவமானத்தில் வர்க்கிச்சனுக்குக் காது சிவந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் நடந்தது, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. சுகமாக இருந்தது. எங்கே அழுத்தினால் எங்கே இளகும் என்று அந்தக் குதிகாலுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மாசமாக முதுகில் கிடந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அன்று பாயிலேயே தூங்கிப்போய்க் குறட்டை விட்டான். பள்ளித்துருத்து வீட்டுப் பெண்கள் அந்தக் குறட்டையைக் கேட்டுச் சிரித்ததை ரோசாக்குட்டி பிறகு சொன்னபோது, அது வலி முனகல் என்று சாதித்தான்.

மறுநாள் ரோசாக்குட்டியும் துணைக்கு வந்து அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். இரண்டாம் நாளிலிருந்து முதுகை மிதித்த பிறகு தோளுக்குக் கை வந்தது. சூடான மூலிகைக் கிழியை ஒற்றி ஒற்றி எடுத்து, கட்டைவிரலால் தோள்பட்டை ஓரமாகத் துழாவி, இறுக்கம் இருக்கிற இடத்தில் நிறுத்தி, அது விடும் வரை காத்திருப்பான் ஔதக்குட்டி. பிறகு கையை ஒரு விரற்கடை கூடுதலாகத் தூக்குவான். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போக மாட்டான்.

"இன்னும் தூக்கு, நான் தாங்குவேன்" என்பான் வர்க்கிச்சன்.

"நீ தாங்குவ. தோள் தாங்காது. அது உன்னைவிட விவரம்."

ஐந்தாம் நாள் கை வாய்க்கு வந்தது. எட்டாம் நாள் காதைத் தொட்டது. பத்தாம் நாள் வர்க்கிச்சன் தன் முதுகைத் தானே சொறிந்துகொண்டான். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. ரோசாக்குட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். பத்தியக் கஞ்சியைக் குடித்துக் குடித்து நாக்குச் செத்துப்போயிருந்தவன், அன்று மீன் இல்லை, கள் இல்லை என்று ஒரு குறையும் சொல்லவில்லை.

பதினாலாம் நாள் வலது கை காதைத் தாண்டி மேலே போயிற்று. முழுக்க நிமிரவில்லை, ஒரு சாண் குறைந்தது. துழாவ அதுவே தாராளம். வர்க்கிச்சன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சரி அளியா, நாளைக்குப் படகு இறங்குது. நான் வரட்டுமா?"

"எங்கே வரட்டுமா? நாளைக்கு உனக்கு நல்லிருப்பு முதல் நாள். குளிர்ந்த தண்ணி கூடாது, காத்து கூடாது, சத்தம் போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. இங்கேயே இரு. உன் வீட்டுக்குப் போனா நீ சும்மா இருக்க மாட்ட."

"போட்டிக்குப் பதினோரு நாள்தான் இருக்கு!"

"இருக்கட்டும். உனக்குப் பதினாலு இருக்கு. இப்பத்தான் இளகியிருக்கு அளியா. பச்சைப்பிள்ளைத் தோள். மிச்சம் ஒரு சாண் இருப்புல தானா வரும். இப்பப் போய்த் துடுப்பைப் போட்டு இழுத்தா ஒரேயடியாப் பூட்டிக்கும். அப்புறம் நான் என்ன, என் ஆசானே வந்தாலும் திறக்காது."

வர்க்கிச்சனுக்கு உச்சந்தலையில் ஏதோ வெடித்தது.

"இப்பப் புரியுது. ஒன்றாம் துடுப்பை எண்ணெய்ல ஊறப்போட்டு வீட்ல உட்கார வச்சாச்சு. பள்ளித்துருத்துக்கு இந்த வருஷமும் கோப்பை. பலே யோசனைடா!"

ஔதக்குட்டி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தான்.

"போட்டிக்குத் தேதி வச்சது நானா? ரெண்டு மாசம் கையை ஒளிச்சு வச்சிருந்தது நானா? உன்னைக் கெடுக்கணும்னா இந்தப் பதினாலு நாள்ல ஒரு மிதி போதும்டா எனக்கு. போ. தோணி கடவுத் துறையிலதான் கிடக்கு. போய்த் துழாவு."

வர்க்கிச்சன் போய்விட்டான். ரோசாக்குட்டி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நெடுஞ்சிறைப் படகுப்புரையில் ஒரே கோலாகலம். மாலை போட்டுப் படகை இறக்கியாயிற்று. வர்க்கிச்சன் நெஞ்சை நிமிர்த்தி வந்து, தன் பலகையில் உட்கார்ந்து, துடுப்பைக் கையில் எடுத்தான். பின்னாலிருந்து ஜோப்பன் மூக்கை உறிஞ்சினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் உறிஞ்சினான். அந்த எண்ணெய் வாடை ஒரு மாசம் சோப்புப் போட்டாலும் போகாது. கேப்டன் குறுப்பு நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தார்.

"வர்க்கிச்சா, சித்தப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை குறுப்பு சேட்டா."

"சித்தப்பா உன்னைக் காலால மிதிச்சாரா?"

படகு கொல்லென்று சிரித்தது. இனி மறைத்துப் பயனில்லை. வர்க்கிச்சன் எல்லாவற்றையும் கொட்டினான். தோள் பிடித்தது, அளியனிடம் போனது, கடைசியில் நல்லிருப்பு என்று அவன் கழுத்தறுக்கப் பார்த்தது. "சதி சேட்டா! நம்ம படகைக் கவுக்கச் சதி" என்று முடித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. குறுப்பு தாடையைச் சொறிந்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி எனக்கு இடுப்பு பிடிச்சுதே, ஞாபகம் இருக்கா? வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டேன், சரியாச்சுன்னு சொன்னேனே?"

"ஆமா."

"வேளாங்கண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் அளியன்தான். ஏழு நாள் மிதி, ஏழு நாள் இருப்பு."

வர்க்கிச்சன் வாயைப் பிளந்தான். பின்னாலிருந்து ஒருவன் தொண்டையைக் கனைத்தான். "எனக்கு முட்டி, சேட்டா. மாமியார் வீடுன்னு சொல்லிட்டுப் போனேன்." இன்னொருவன், "எனக்குக் கழுத்து." நடுப்பலகையிலிருந்து ஒரு கும்பலே கையைத் தூக்கிற்று. ஆளாளுக்கு ஒரு கல்யாணம், ஒரு கருமாதி சொல்லிவிட்டு, ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தனாக ஆற்றைத் தாண்டியிருக்கிறார்கள். நெடுஞ்சிறைச் சுண்டனின் பாதி முதுகு அந்தக் காலுக்கு அடியில் கிடந்து எழுந்தது.

"அடப்பாவிகளா!" என்றான் வர்க்கிச்சன்.

"சதி பண்ணணும்னா எங்க எல்லாரையும் எப்பவோ முடமாக்கியிருப்பான்" என்றார் குறுப்பு. "இன்னொரு விஷயம் கேளு. நான் இருப்புல இருந்தப்ப அஞ்சாம் நாளே தென்னை ஓலை இழுத்தேன். மறுபடி பிடிச்சு மூணு மாசம் படுக்கை. அப்புறம் ரெண்டாம் தடவை போய் அவன் கால்ல விழுந்தேன். நான் உன்னைத் தடுக்கலை. பலகை உன்னுது. உட்காரணும்னா உட்காரு. ஆனா இன்னிக்கு எழுந்தா, அடுத்த வருஷம் இது உனக்குத்தான்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஜோப்பன் நல்லாத் துழாவினான்னா அவனுக்குத்தான்."

வர்க்கிச்சன் துடுப்பைப் பார்த்தான். பத்தொன்பது வருஷத்தில் அவன் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பிடி வழவழத்துக் கிடந்தது. ஒரு நிமிஷம் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இந்த வருஷம் ஒருநாள் உட்காருவதா, கை இருக்கும் வரை முதுகைச் சொறிந்துகொள்வதா? கேள்வி அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நமக்குச் சொல்ல எளிது.

எழுந்து திரும்பித் துடுப்பை ஜோப்பனிடம் நீட்டினான்.

"அவசரப்படுவடா நீ. பாதி வழியில வேகம் கூட்டாதே, கேட்டியா? கடைசிக் கம்பம் தாண்டின பிறகு."

"சரி வர்க்கிச் சேட்டா" என்றான் ஜோப்பன். முகத்தில் சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் அவன் பட்ட பாட்டைப் பார்த்து, வர்க்கிச்சனுக்கு அவனை அறையவும் தோன்றிற்று, சிரிப்பும் வந்தது.

தோணியைத் துழாவக் கூடாதென்று குறுப்பே ஆள் போட்டு அவனை அக்கரைக்கு அனுப்பினார். ஔதக்குட்டி வாசலில்தான் நின்றான்.

"கஞ்சி ஆறிக்கிடக்கு" என்றான் ஔதக்குட்டி.

"சூடு பண்ணச் சொல்லு" என்றான் வர்க்கிச்சன்.

போட்டி நாள் வந்தது. நல்லிருப்பு பதினோராம் நாள். முடிவுக் கோடு பள்ளித்துருத்துக் கடவுக்கு நேரே. கடவை ஒட்டி ஔதக்குட்டியின் வீட்டு முற்றம். அங்கே ஒரு பெஞ்சில் கம்பளியைப் போர்த்தி வர்க்கிச்சனை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ரோசாக்குட்டி காவல். சுற்றிலும் பள்ளித்துருத்துச் சனம். விடுவார்களா?

"என்ன ஒன்றாம் துடுப்பு, இந்த வருஷம் பெஞ்சைத் துழாவறீங்களா?"

"கம்பளிக்குள்ள என்ன இருக்கு, கோப்பையா?"

"இச்சாயா, வாயைத் திறக்கக் கூடாது. கோபமும் கூடாது" என்றாள் ரோசாக்குட்டி. வர்க்கிச்சன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

வெடி வெடித்தது. தூரத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்து, பெரிதாகி, பாட்டுச் சத்தமும் பலகையை இடிக்கும் சத்தமுமாக வந்தன. பாதி வழியில் பள்ளித்துருத்து முன்னால் இருந்தது. கரை ஆர்ப்பரித்தது. வர்க்கிச்சனுக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. தன் இடத்தில் ஏறி இறங்கும் அந்த ஒற்றைத் துடுப்பைத்தான் பார்த்தான். "நிதானம்டா, நிதானம்டா" என்று வாய்க்குள் முணுமுணுத்தான். ஜோப்பன் நிதானம் தவறவில்லை. கடைசிக் கம்பம் தாண்டிற்று. அப்போது போட்டான் பாருங்கள் ஒரு போடு! தொண்ணூறு துடுப்பும் அவனோடு விழுந்தன. நெடுஞ்சிறை எழும்பியது, சமமாக வந்தது, ஒரு முழம் முன்னால் கோட்டைத் தாண்டியது.

"ஆர்ப்போ!" என்று ஒரு குரல் முற்றத்தில் கிழிந்தது. அது வர்க்கிச்சனுடையது. கம்பளி கீழே கிடந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தான். இரண்டு கைகளும் நெட்டுக்குத்தாக ஆகாயத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன.

பள்ளித்துருத்துச் சனம் மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. சத்தம் அடங்கிற்று. அந்த அமைதியில்தான் அவனுக்கு இரண்டும் ஒன்றாக உறைத்தன. நான் இல்லாமலே ஜெயித்துவிட்டார்கள் என்பது ஒன்று, அது சுருக்கென்று குத்தியது. தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தான். குறைந்த அந்த ஒரு சாண் காணவில்லை. வலியும் இல்லை.

ஔதக்குட்டியும் தோற்ற தன் படகைப் பார்க்கவில்லை. அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாள் பாக்கி இருக்குடா, கழுதை! கையை இறக்கு!" என்று அங்கிருந்தே கத்தினான்.

வர்க்கிச்சன் முகத்தைச் சுளித்தான்.

"அளியா, இறங்க மாட்டேங்குது."

"என்னது?"

"பூட்டிக்கிச்சு அளியா! மேலேயே நின்னுடுச்சு!"

ஔதக்குட்டிக்கு ரத்தம் சுண்டிவிட்டது. சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, பெஞ்சில் தாவி ஏறி, "எங்கே, எங்கே பிடிக்குது, அசைக்காதே" என்று விரலால் தோளைத் தொட்டான். தொட்டதுதான் தாமதம், மேலே நின்ற இரண்டு கைகளும் இறங்கி அவன் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டன. பதினொரு மாசத்து வைராக்கியம் எல்லாம் போய், வர்க்கிச்சன் சிரித்துக்கொண்டே விம்மினான்.

"படுபாவி, உயிரே போச்சுடா எனக்கு! விடு, தோள் போயிடும், விடுடா" என்று ஔதக்குட்டி திமிறினான். ஆனால் அவனுடைய ஒரு கை, தன்னையறியாமல், வர்க்கிச்சனின் தோள்பட்டையை மெல்ல நீவிக்கொண்டிருந்தது.